தூத்துக்குடியில் மனை விலை: மேடும் பள்ளமும்

தூத்துக்குடியில் வீட்டுப் பேச்சு "சென்ட் என்ன ரேட்டு?" என்றுதான் தொடங்கும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. தரகர் ஒரு தொகையைச் சொன்னதும் கேட்பவர் மனதுக்குள் ஊரையே வரிசைப்படுத்திவிடுவார். உச்சியில் டபிள்யூ.ஜி.சி. ரோடு, விக்டோரியா எக்ஸ்டென்ஷன் ரோடு மாதிரியான கடைத்தெரு முகப்புகள். அடுத்து சிதம்பரநகர், பிரையண்ட் நகர், டூவிபுரம், போல்பேட்டை. அதற்கும் கீழே மில்லர்புரம், அதைச் சுற்றிய காலனிகள். கடைசியில் மீளவிட்டான், கோரம்பள்ளம், முத்தையாபுரம், தாளமுத்துநகர், மாப்பிளையூரணி. வரிசை ஏறக்குறைய சரிதான். இன்றைக்கு எந்தத் தரகரைக் கேட்டாலும் ஒன்றிரண்டு இடம் மாறுமே தவிர மற்றபடி இதையே சொல்வார்.

ஆனால் இது விற்பவருடைய வரிசை. கடன் வாங்கி, ஒரே ஒரு வீடு கட்டி, அதில் முப்பது வருஷம் குடியிருக்கப் போகிற ஆசிரியருக்கோ துறைமுக ஊழியருக்கோ இது பாதிக் கணக்குதான். இந்த ஊரில் இரண்டு பகுதிகளின் சென்ட் விலையை அப்படியே அக்கம்பக்கம் வைத்து ஒப்பிட முடியாது. மழைத்தண்ணீர் எங்கே நிற்கும், நல்ல தண்ணீர் எப்படி வரும், பத்திரம் எவ்வளவு சுத்தம் என்று பார்த்து, அந்தச் செலவையெல்லாம் ஏற்றிய பிறகு வரும் தொகைகளைத்தான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் வரிசை சில இடங்களில் தலைகீழாகும்.

விலை எப்படி இந்த வடிவத்துக்கு வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். தூத்துக்குடி கடலில் பிறந்த ஊர். போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று மாறி மாறி ஆண்டவர்கள் எல்லோரும் முத்துக்காகவும் சங்குக்காகவும் துணிக்காகவும் இந்தக் கரைக்கு வந்தவர்கள். 1713-ல் கட்டிய பனிமய மாதா கோயில், அதைச் சுற்றிய பரதவர் தெருக்கள், பழைய துறைமுகம், வணிகர்களின் கிட்டங்கிகள் எல்லாம் கடற்கரைச் சாலையை ஒட்டியே இருந்தன. படகுத்துறைக்குப் பக்கத்தில் வீடு இருப்பதே அன்றைய மதிப்பு. முத்துக்குளிப்பு வருஷம் முழுக்க நடக்கும் தொழிலும் அல்ல. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, சிப்பி விளைந்தால் மட்டும், சில வாரங்கள் நடக்கும். அந்த வாரங்களில் வெளியூர் வியாபாரிகள் குவிவார்கள். பிறகு ஊர் காலியாகும். கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. திரேஸ்புரத்தில் இன்றும் சங்கு குளிக்கப் போகிறார்கள். ஆனால் கடலோர வீட்டுக்கு விலை வைத்தது முத்து என்ற காலம் முடிந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

1876-ல் ரயில் வந்தது. சில ஆண்டுகளில் ஹார்வி மில் வந்தது. பஞ்சுக் கிட்டங்கிகளும் நூல் ஆலையும் ஊரை மேற்கே இழுத்தன. ஒண்ணாம் கேட், ரெண்டாம் கேட் என்று ரயில்வே கேட்டுகளை வைத்து வழி சொல்லும் பழக்கம் அந்தக் காலத்து மிச்சம். தண்டவாளத்துக்குக் கிழக்கே பழைய ஊர், மேற்கே புது ஊர். அடுத்த இழுப்பு தெற்கே. 1964-ல் புதிய துறைமுக வேலை தொடங்கி, 1974 ஜூலையில் அது பெருந்துறைமுகம் ஆனது. ஸ்பிக் உர ஆலை, கனநீர் ஆலை, அனல்மின் நிலையம் எல்லாம் எழுபதுகளில் வரிசையாக வந்தன. முத்தையாபுரமும் முள்ளக்காடும் அதனால் வளர்ந்தன. மாதச் சம்பளக்காரர்கள் பெருகியதும் ஊருக்குள் சதுரம் சதுரமாகத் தெரு போட்ட நகர்கள் நிரம்பின. நேரான தெரு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, பஸ் ஸ்டாண்ட் எல்லாம் எட்டும் தூரம். பிரையண்ட் நகரும் சிதம்பரநகரும் விலை உயர்ந்ததற்கு இதைவிடப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை.

2008 ஆகஸ்ட் 5 அன்று நகராட்சி மாநகராட்சியானது. பிறகு மீளவிட்டான், சங்கரப்பேரி, முத்தையாபுரம், அத்திமரப்பட்டி, தூத்துக்குடி ஊரகம் ஆகிய ஊராட்சிகள் சேர்ந்தன. 13 சதுர கிலோமீட்டர் சொச்சம் இருந்த ஊர் 90 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. ஒரே இரவில் பனங்காடும் உடைமரக்காடும் வயலும் "மாநகராட்சி எல்லைக்குள்" ஆயின. மனை விளம்பரத்தில் அந்த இரண்டு வார்த்தைக்கு ஒரு விலை உண்டு. வடிகாலும் குழாயும் அந்த வேகத்தில் போகவில்லை.

மழைக்கு வருவோம். இதில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

தூத்துக்குடி மழை குறைந்த ஊர்; ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 650 மில்லிமீட்டர். உப்பளத்துக்கு வாகான வானிலை. அதனாலேயே இங்கே வீடு வாங்குபவர் மழையை மறந்துவிடுகிறார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மில்லிமீட்டர் கொட்டியது. ஒன்றரை வருஷ மழை ஒரு நாளில். அதை ஆயிரத்தில் ஒரு மழை என்று ஒதுக்கிவிடலாம் என்றால், 2015-ம் 2021-ம் குறுக்கே நிற்கின்றன. 2021 நவம்பர் மழையில் முத்தம்மாள் காலனி, ரஹ்மத் நகர், ராம் நகர், தனசேகரன் நகர் பக்கம் தண்ணீர் நாள்கணக்கில் வடியவில்லை. பிரையண்ட் நகரின் சில தெருக்களும் தப்பவில்லை. பெரிய மோட்டார் வைத்து இறைத்தும் தெருக்கள் குளமாகவே கிடந்தன.

காரணம் நிலத்தின் அமைப்பில் இருக்கிறது. ஊர் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேதான் இருக்கிறது, ஏறக்குறைய சமதளம். மேற்கிலிருந்து வரும் மழைநீர் கிழக்கே கடலுக்குப் போக வேண்டும். நடுவில் ரயில் பாதை, நெடுஞ்சாலை, உப்பளக் கரைகள், வீடுகள். ஊருக்குள் தண்ணீரைக் கொண்டுபோவது முக்கியமாகப் பக்கிள் ஓடை. தெற்கே கோரம்பள்ளம் குளத்தின் உபரி உப்பாற்று ஓடை வழியாகப் போகிறது. இந்தக் குளம் தாமிரபரணியின் ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து வரும் வடகால் பாசனத்தின் கடைக்கோடி. ஆக கோரம்பள்ளத்திலும் அத்திமரப்பட்டியிலும் மனை வாங்குபவர் தன் தெருவின் மழையை மட்டும் கணக்குப் பார்த்தால் போதாது. ஸ்ரீவைகுண்டம் வரைக்குமான மழையைப் பார்க்க வேண்டும். 2023-ல் அந்தக் குளக்கரை உடைந்தபோது இது எல்லோருக்கும் புரிந்தது. அத்திமரப்பட்டியில் நெல்லும் வாழையும் விளைவது வீணாகவா? தண்ணீர் தேடி வரும் பூமி அது. விவசாயிக்கு வரமாக இருப்பது வீடு கட்டுபவருக்குச் செலவு.

அந்தச் செலவுக்கு ஒரு கணக்கு போடலாம். இதில் வரும் ரூபாய் எண்கள் கணக்குக்காக வைத்தவை. சந்தை நிலவரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மேடான இடத்தில் சென்ட் 8 லட்சம், பள்ளமான இடத்தில் 5 லட்சம் என்று வைப்போம். ஐந்து சென்டுக்கு வித்தியாசம் 15 லட்சம். ஐந்து சென்ட் 2,178 சதுர அடி. அதை மூன்று அடி உயர்த்த 6,534 கன அடி மண் வேண்டும். 100 கன அடி ஒரு யூனிட் என்ற வழக்கில் 65 யூனிட். தண்ணீர் விட்டு அமுக்கினால் மண் இறங்கும், ஆகவே 80 யூனிட் என்று வையுங்கள். யூனிட் 2,000 ரூபாய் என்றால் 1 லட்சத்து 60 ஆயிரம். அடுத்து பேஸ்மட்டம் இன்னும் உயர வேண்டும், புதிதாகக் கொட்டிய மண்ணில் அஸ்திவாரம் பழைய கட்டித் தரை வரை இறங்க வேண்டும், கொட்டிய மண் சரியாமல் சுற்றிலும் தாங்கு சுவர் வேண்டும். எல்லாம் சேர்ந்தாலும் 15 லட்சம் வித்தியாசம் முழுக்கக் கரையாது. பள்ளம் இன்னமும் மலிவாகவே தெரியும். தரகர்கள் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திக்கொள்வார்கள்.

நிறுத்தக் கூடாது. வீட்டை உயர்த்தலாம், தெருவை உயர்த்த முடியாது. வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வராவிட்டாலும், தெருவில் இடுப்பளவு நின்றால் வண்டி வெளியே எடுக்க முடியாது, கழிவுநீர்த் தொட்டி எதிர்த்து வரும், வயதான அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாது. அடுத்த மனைக்காரர் நம்மைவிட ஒரு அடி கூடுதலாக மண் அடித்தால் அவர் தண்ணீரும் நமக்கு வரும். மாநகராட்சி பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டால் பத்து வருஷத்தில் நம் மூன்று அடி இரண்டாகும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று தலைமைச் செயலாளர் 2021-ல் சுற்றறிக்கை அனுப்பினார். எல்லாத் தெருவுக்கும் அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

என் கருத்தில், 2015, 2021, 2023 ஆகிய மூன்று மழைகளிலும் தண்ணீர் நின்ற தெருவில் உள்ள வீட்டை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், ஒரே வீடு வாங்கும் குடும்பம் தொடக் கூடாது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். அந்தத் தெருவின் மின்கம்பத்திலும் பழைய காம்பவுண்டுச் சுவரிலும் கறை இருக்கும். சுவர் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் பெட்டிக்கடைக்காரரைக் கேட்டால் போதும். வீட்டுக்காரர் மறைப்பார், பெட்டிக்கடைக்காரருக்கு மறைக்கக் காரணம் இல்லை.

நல்ல தண்ணீர் விஷயம் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லக்கூடியது. ஊரின் பல பகுதிகளில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான். குடிதண்ணீர் தாமிரபரணியிலிருந்து வல்லநாடு வழியாக வருகிறது. நகராட்சித் தலைவராக இருந்த ராவ்பகதூர் குரூஸ் பர்னாந்து முயன்று கொண்டுவந்த திட்டத்தின் தொடர்ச்சி அது. அதனால் மனை பார்க்கும்போது "குழாய் இருக்கிறதா" என்பதோடு நிற்காமல், எத்தனை நாளைக்கு ஒருமுறை எவ்வளவு நேரம் வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஊராட்சிப் பகுதிகளில் தெருவுக்கு ஒரு விதம். லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டுக்கு அது மாதாமாதம் கட்டும் இன்னொரு தவணை. உப்புத் தண்ணீரில் கட்டிய சுவர் பூக்கும், கம்பி துருப்பிடிக்கும். கட்டிய வீட்டை வாங்குபவர் எந்தத் தண்ணீரில் கட்டினார்கள் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இனிப் பத்திரம். அரசின் வழிகாட்டி மதிப்பு தெரு வாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் பதிவுத்துறையின் இணையதளத்தில் கிடைக்கிறது. கீழூர், மேலூர் சார்பதிவக எல்லைகளை எடுத்து இரண்டு பகுதிகளை ஒப்பிட அதுவே நல்ல தொடக்கம். ஆனால் அந்த எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. 2012-ல் உயர்த்திய மதிப்பை 2017 ஜூனில் 33 சதவீதம் குறைத்தார்கள். கூடவே பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக்கினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பு பழைய அளவுக்குத் திரும்பியது, கட்டணம் 2 சதவீதமானது. 2024 ஜூலையில் மறுபடி திருத்தம். ஆகவே 2019-ல் உறவினர் வாங்கிய பத்திரத்தைக் காட்டி "இந்தத் தெருவில் இவ்வளவுதான்" என்று பேசினால் கணக்கு இடிக்கும்.

மனைக்கும் தனி வீட்டுக்கும் முத்திரைத் தீர்வை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம். 40 லட்சம் பத்திரத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் வாங்கும் 10 லட்சம் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. ஊரோரச் சிறு மனை வாங்குவோருக்கு உதவும், சிதம்பரநகரில் வாங்குவோருக்கு உதவாது. புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பரிலிருந்து கூட்டு மதிப்பு முறை: 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம்தான். தூத்துக்குடிக்காரர் மாடி வீட்டை இன்னும் முழு மனதோடு ஏற்கவில்லை. கீழே சொந்த மண் வேண்டும் என்பார்கள். தண்ணீர் நிற்கும் ஊரில் இரண்டாம் மாடி வீடு அத்தனை மோசமான யோசனை இல்லை என்று நான் நினைக்கிறேன். நிலத்தில் நமக்கு வரும் பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்ற வழக்கம் வாங்குபவரைத்தான் கடிக்கும். வங்கி கடனைப் பத்திரத் தொகையையும் தன் மதிப்பீட்டாளர் சொல்லும் தொகையையும் பார்த்தே கொடுக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான வீட்டுக் கடன் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை போகலாம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. முத்திரைச் செலவு அந்த மதிப்பில் பொதுவாகச் சேராது. பத்திரத் தொகையைக் குறைத்தால் கடனும் குறையும், மீதியைக் கைப்பணமாகத் திரட்ட வேண்டும். வழிகாட்டி மதிப்புக்கும் நடப்பு விலைக்கும் இடைவெளி பெரிதாக உள்ள பகுதி, சம்பளக்காரருக்கு விளம்பரத்தில் தெரிவதைவிட எட்டாத பகுதி.

சேர்ந்த ஊராட்சிகளில் மற்றொரு கவனம். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர்நீதிமன்றம் தடை விதித்தது. அதன் பிறகு 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்தத் திட்டம் வந்தது. மேற்கிலும் வடக்கிலும் மலிவாகச் சொல்லப்படும் மனைகளில் வரன்முறை முடிந்ததும் உண்டு, முடியாததும் உண்டு. முடியாததை வாங்கினால் கட்டட அனுமதி கிடைக்காது, வங்கிக் கடன் கிடைக்காது. தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா மூன்றும் ஒரே சர்வே எண்ணைச் சொல்கின்றனவா என்று பார்ப்பது பழைய அறிவுரை. கூடவே நகர ஊரமைப்பு அனுமதி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்ற பதில் போதாது. கடலோரத்தில், திரேஸ்புரம், இனிகோ நகர் பக்கம், கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடமும் தேவை. அலை ஏறும் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் எதைக் கட்டலாம் என்பதை அதுதான் சொல்லும்.

இப்போது மனை விளம்பரங்களைப் பார்த்தால் தூத்துக்குடியே இடம் பெயர்ந்துவிட்டதோ என்று தோன்றும். "ஏர்போர்ட் அருகில்", "வின்பாஸ்ட் அருகில்". வாகைகுளத்தில் புதிய விமான முனையம் 2025 ஜூலை 26-ல் திறந்தது. ஓடுபாதை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீண்டது. சில்லாநத்தம் சிப்காட்டில் வின்பாஸ்ட் என்ற வியட்நாம் நிறுவனத்தின் மின்கார் ஆலைக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல், 2025 ஆகஸ்ட் 4-ல் திறப்பு. மீளவிட்டானில் டைடல் நியோ ஐ.டி. பூங்கா 2024 டிசம்பரில் வந்தது. துறைமுகத்தின் வெளித்துறைமுகத் திட்டத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல். எல்லாம் உண்மை. ஆனால் அடிக்கல்லுக்கும் குடியிருப்புக்கும் நடுவே எவ்வளவு காலம் ஓடும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி. புதிய துறைமுகம் பத்து வருஷம் எடுத்தது. 2005 ஜூலையில் கோலாகலமாகத் தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டத்தில் இன்றுவரை ஒரு கப்பல் போகவில்லை. ஆலைத் தொழிலாளி ஆலைக்குப் பக்கத்தில் மனை வாங்குவார் என்ற ஊகத்தில் விலை ஏறுகிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் மனைவியின் வேலையும் நகருக்குள் இருந்தால் அவர் கம்பெனி பஸ்ஸில் போய் வருவார். ஸ்பிக் காலத்திலும் பலர் அப்படித்தான் செய்தார்கள். பத்து, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, தெருவிளக்கு இல்லாத மனையை முதலீடு என்று வாங்கலாம். வீடு என்று வாங்க இன்னும் காலம் வரவில்லை.

மேற்கில் காற்றையும் கணக்கில் வைக்க வேண்டும். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் சிப்காட் பக்கத்துக் காற்று ஊரை நோக்கி வரும். அங்குள்ள தாமிர ஆலை, அதை எதிர்த்துப் போராடியவர்கள் மீதான 2018 மே மாதத் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்த பிறகு மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் மறுபடி திறக்கக் கோரிய ஆலையின் மனுவைத் தள்ளிவிட்டது. பண்டாரம்பட்டி, குமரரெட்டியபுரம் பகுதிகளில் நிலம் பார்ப்பவர் நிலத்தடி நீரைப் பரிசோதிக்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். தெற்கே தெர்மல் நகர், துறைமுகம் பக்கம் நிலக்கரித் தூசியும் சாம்பலும். அங்கே குடியிருப்பவர்கள் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறார்களா என்று பாருங்கள்.

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால், விளம்பரத்தில் வராத ஓர் இடம் மேலே வருகிறது: பழைய ஊர். மட்டக்கடை, சண்முகபுரம், ஜார்ஜ் ரோட்டுப் பக்கத்துச் சிறு தெருக்கள். பழைய வீடுகளில் சில மன்னார் வளைகுடாவின் பவளப்பாறையையும் சுண்ணாம்பையும் வைத்துக் கட்டியவை. அந்தப் பாறையை வெட்டி எடுத்ததால் எதிரே உள்ள தீவுகள் கரைந்தது வேறு கதை. மனை சிறிது, மூன்று சென்ட் கிடைத்தால் பெரிது. கார் நிற்காது. பக்கத்துச் சுவரோடு சுவர். ஆனால் தலைமுறைகளாகக் குடியிருந்து சோதித்த மண். எந்த மழையில் எந்தத் தெருவில் தண்ணீர் நின்றது என்று சொல்ல ஆள் இருக்கிறது. ஆஸ்பத்திரி, மார்க்கெட், பள்ளிக்கூடம் நடை தூரம். சிக்கல் விற்பனையில்தான். இந்த வீடுகள் தரகர் கைக்கு வருமுன் உறவுக்குள்ளும் தெருவுக்குள்ளும் பேசி முடிந்துவிடும். வாங்க வருபவர் எந்தச் சாதி, எந்த மதம் என்று சாடையாக விசாரிக்கும் தெருக்கள் இன்னும் உண்டு. இதை எழுதாமல் வீட்டு விலை பற்றி எழுதுவது நேர்மையாகாது. வாரிசுகள் ஏழெட்டுப் பேர், அதில் இருவர் வளைகுடா நாட்டில், ஒருவர் கையெழுத்துப் போட மறுக்கிறார் என்று பத்து வருஷம் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் ஏராளம். பொறுமையும் நல்ல வக்கீலும் உள்ளவருக்கு அவற்றில் நல்ல விலை கிடைக்கும்.

வழிகாட்டி மதிப்பைத் திருத்தும்போது அரசு வரைவை வெளியிட்டு மக்களிடம் ஆட்சேபம் கேட்கிறது. 2024-லும் கேட்டது. வரும் ஆட்சேபங்கள் பெரும்பாலும் "எங்கள் தெருவுக்கு மதிப்பு அதிகம்" என்பதே. தூத்துக்குடியில் வேறொரு கோரிக்கை வைக்கலாம்: ஒவ்வொரு தெருவுக்கும் எதிரே சதுர அடி மதிப்போடு, கடல்மட்டத்திலிருந்து அந்தத் தெருவின் உயரத்தையும், 2021-லும் 2023-லும் அங்கே நின்ற தண்ணீரின் ஆழத்தையும் அச்சிடுங்கள். எங்கெல்லாம் மோட்டார் வைத்து எத்தனை நாள் இறைத்தோம் என்பது மாநகராட்சிக்குத் தெரியும். அதைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்ப ஒரு கடிதம் போதும். மனை விற்பவர்கள் சங்கம் எதிர்க்கும் என்பதில் சந்தேகமில்லை. சில நகர்களில் சென்ட் விலை இறங்கும், அங்கே ஏற்கெனவே வீடு கட்டியவர்கள் கோபப்படுவார்கள், அவர்கள் கோபத்தில் நியாயமும் உண்டு. அவர்களுக்கு வடிகால் கட்டிக் கொடுத்துவிட்டுப் பட்டியலில் அந்த ஆழத்தைத் திருத்தினால் விலை தானாக ஏறும்.